தியேட்டரை மூடியது புயல் இல்லை

"கடலூர் ஓரத்துல இருந்த அந்தத் தியேட்டர், 'தானே' புயல்ல கூரை பறந்து அன்னிக்கோட மூடிடுச்சு"ன்னு எழுதியிருக்கீங்க. தப்புங்க. 'தானே'ங்கற அந்தப் புயல் கரை கடந்தது 2011 டிசம்பர் 30 விடியற்காலை. தகரம் பறந்தது உண்மைதான். ஆனா கூரையைத் திரும்பப் போட்டு படம் ஓட்டினாங்க. எங்க சித்தப்பா அங்க ஆபரேட்டர், அதனால நல்லாத் தெரியும்.

பஸ்ல படப்பெட்டி வந்து இறங்கும். 2000 அடி ரீல் ஒண்ணு 22 நிமிஷம் ஓடும். முடியப்போற நேரம் திரையோட வலது மேல் மூலையில ஒரு புள்ளி மின்னும். சித்தப்பா உடனே அடுத்த ரீல் மாட்டி வெச்ச பக்கத்து புரொஜெக்டரை ஓட விடுவாரு. ரெண்டாவது புள்ளி மின்னினதும் படத்தை அந்த மிஷினுக்கு மாத்திடுவாரு. கீழ உட்கார்ந்திருக்கற யாருக்கும் தெரியாது. அவ்வளவு சுத்தமான கை.

மூட வெச்சது டிஜிட்டல். படம் பெட்டியில வர்றது நின்னு, ஹார்ட் டிஸ்க்குலயும் சாட்டிலைட்லயும் வர ஆரம்பிச்சது. ஃபுஜிஃபிலிம் கம்பெனியே 2013ல சினிமா பிலிம் தயாரிக்கறதை நிறுத்திடுச்சு. புது புரொஜெக்டருக்குப் பணம் போட முதலாளியால முடியல. புயலுக்கு அப்புறம் கடன் வாங்கிக் கூரை போட்ட மனுஷன் அவரு. ஒரே நாள்ல விட்டுட்டுப் போனாருன்னு தயவுசெஞ்சு எழுதாதீங்க.