ராம்சர் பலகையும் பர்கூர் மாடும்

துரைப்பாக்கம் 200 அடி ரோட்டில் போகும்போது வண்டியை ஓரங்கட்டி ஐந்து நிமிடம் பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைப் பார்ப்பது என் வழக்கம். போன வாரம் நீலத் தாழைக்கோழி ஒன்று சிவப்புக் காலைத் தூக்கித் தூக்கி வைத்து சேற்றில் நடந்துகொண்டிருந்தது, பின்னால் தூரத்தில் பெருங்குடி குப்பைக் கிடங்கு. கூட வந்த நண்பர், "இதுதான் அந்த ராம்சர் தலமா?" என்று சிரித்தார்.

ஆமாம், இதுவேதான். உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்று சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் ஏறிய இடத்துக்குத்தான் ராம்சர் தலம் என்று பெயர். 2022ல் 1,247 ஹெக்டேரை அறிவித்தார்கள். அதுவரை தமிழ்நாட்டில் கோடியக்கரை மட்டும்தான் ராம்சர் தலம். 2025 பிப்ரவரியில் எண்ணிக்கை 20, நாட்டிலேயே முதலிடம். எனக்கு இதில் சந்தோஷம்தான். எல்லாம் பேப்பரில்தான் இருக்கு என்று நக்கலடிப்பவர்களோடு எனக்கு ஒத்துப்போவதில்லை.

மதுரைக்குப் பக்கத்தில் அரிட்டாபட்டியைப் பாருங்கள். ஏழு மலைகள், சுனைகள், பாண்டியர் காலக் குடைவரை, பாறை இடுக்குகளில் வல்லூறுகள். 2022ல் 193 ஹெக்டேரைப் பல்லுயிர் பாரம்பரியத் தலமாக அறிவித்தார்கள். இரண்டே வருடத்தில், 2024 நவம்பரில், அந்த இடத்தையும் சேர்த்து 2,000 ஹெக்டேருக்கு மேல் டங்ஸ்டன் சுரங்கத்துக்கு ஏலம் போனது. (வரைபடத்தை யாரும் விரித்துப் பார்க்கவில்லையா என்ன?) 2025 ஜனவரியில் சனம் ஆயிரக்கணக்கில் மதுரைக்கு நடந்தே வந்தது, அதே மாதம் ஏலம் ரத்து. நிறுத்தியது அந்தக் கால்கள்தான், சரி, ஆனால் கையில் காட்ட ஓர் அரசாணை இருந்ததே, அது சாதாரண விஷயமா?

இப்போது நாட்டுக் கணக்குக்கு வருவோம். 2030க்குள் உலக நிலப்பரப்பில் 30 சதவீதத்தைக் காப்போம் என்று 2022ல் மாண்ட்ரியலில் ஒப்புக்கொண்ட நாடுகளில் நாமும் உண்டு. நம் தேசியப் பூங்கா, சரணாலயம் எல்லாம் சேர்த்தாலும் நிலப்பரப்பில் ஐந்து சதவீதத்தைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். மீதிக்கு ஆளில்லாத நிலமா கிடக்கிறது? எங்கே கோடு போட்டாலும் உள்ளே யாரோ இருப்பார்கள்.

பர்கூர் மலையில் நடப்பது அதுதான். 2024 ஜனவரியில் ஈரோடு மாவட்டத்தில் சுமார் 805 சதுர கிலோமீட்டர் தந்தை பெரியார் வனவிலங்கு சரணாலயமானது. யானைக்கும் புலிக்கும் நல்ல செய்தி, மறுப்பதற்கில்லை, இந்தப் பக்கம் சத்தியமங்கலத்தையும் அந்தப் பக்கம் காவிரிக் காடுகளையும் இணைக்கிற இடம். ஆனால் அங்கே தலைமுறை தலைமுறையாகக் காட்டுக்குள் பட்டி போட்டு, செவலையில் வெள்ளை தெளித்த பர்கூர் மாட்டை மேய்க்கிறவர்கள் இருக்கிறார்கள். சரணாலயத்துக்குள் மேய்ச்சல் கூடாது என்கிறது 2022 உயர்நீதிமன்ற உத்தரவு. அப்படியென்றால் காட்டுக்குப் பெயர் மாறியதுமே பட்டிக்காரருக்கு வயிற்றைக் கலக்காதா?

அரிட்டாபட்டி மாதிரி பாரம்பரியத் தலம் அறிவிக்க, உள்ளாட்சியோடு கலந்து பேச வேண்டும் என்று பல்லுயிர்ச் சட்டத்திலேயே இருக்கிறது. சரணாலயத்துக்கும் அதே மாதிரி ஊரைக் கூட்டி, மேய்ச்சல் தடம் எது, யானைத் தடம் எது என்று நடந்து பார்த்துவிட்டுக் கோடு போட்டால் என்ன குறைந்துவிடும்?

காட்டை நம்பி வாழ்கிறவர்களுக்கு உரிமை கொடுக்க 2006 வன உரிமைச் சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது. ஆனால் பட்டி போடும் லிங்காயத்துகள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாதவர்கள் மூன்று தலைமுறை, அதாவது 75 வருடம், அந்தக் காட்டை நம்பி வாழ்ந்ததற்கு ஆதாரம் காட்ட வேண்டும். மாட்டுப்பட்டிக்கு எந்த ஆபீசில் ரசீது கொடுத்தார்கள்?