பாளையங்கோட்டையின் கேமராவும் முக்கூடல் பக்கத்து இடிந்த சுவரும்

மே மாதம் பிறந்துவிட்டால் பாளையங்கோட்டையில் பெற்றோர் இருவர் சந்திக்கும் இடமெல்லாம் பள்ளிச் சேர்க்கை பற்றிய பேச்சுதான். முன்பெல்லாம் கட்டணத்துக்கு அடுத்தபடியாக ரிசல்ட் எப்படி என்று கேட்பார்கள். இப்போது "கேமரா இருக்கிறதா, வாசலில் செக்யூரிட்டி உண்டா" என்று கேட்கிறார்கள். பள்ளிகளும் பெற்றோரின் மனதைப் படித்துவிட்டன. விளம்பரத் தட்டியில் ஸ்மார்ட் கிளாஸுக்குப் பக்கத்திலேயே கண்காணிப்புக் கேமராவும் இடம்பிடித்திருக்கிறது. கிராமத்துப் பள்ளி என்று சொன்னால் போதும், "அங்கே என்ன பாதுகாப்பு இருக்கிறது?" என்று உதட்டைப் பிதுக்குகிறார்கள்.

இந்த நினைப்பை நான் ஏற்கவில்லை. டவுன் பள்ளி பத்திரம், வெளியூர்ப் பள்ளி ஆபத்து என்ற கணக்கு நம் திருநெல்வேலி மாவட்டத்துக்குப் பொருந்தவே பொருந்தாது. 2021 டிசம்பர் 17 அன்று கழிவறைச் சுவர் இடிந்து விழுந்து 3 மாணவர்கள் இறந்தது எங்கோ காட்டோரப் பள்ளியில் நடக்கவில்லை. திருநெல்வேலி நகருக்குள், எத்தனையோ தலைமுறைகள் படித்த பெயர்பெற்ற பள்ளியில் நடந்தது. அந்தச் சாவுகளுக்குப் பிறகுதான் மாநிலம் முழுவதும் பழுதடைந்த பள்ளிக் கட்டடங்களைத் தேடித் தேடி இடித்தார்கள். வாசலில் எத்தனை காவலாளிகள் நின்றிருந்தாலும் அந்தச் சுவரைத் தாங்கிப் பிடித்திருக்க முடியாது. சுவரில் விரிசல் கண்டதும் "இது விழும், பிள்ளைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்" என்று சொல்ல ஒருவர் வேண்டும். அதைக் கேட்டு அன்றைக்கே நடவடிக்கை எடுக்க இன்னொருவர் வேண்டும்.

என் மகள் பாளையங்கோட்டையில் ஒரு தனியார் பள்ளியில் படிக்கிறாள். அவள் மறந்துவிட்டுப் போன டிபன் பாக்ஸைக் கொண்டுபோனால் வாசலிலேயே நோட்டில் பெயர், நேரம், செல்போன் எண், யாரைப் பார்க்க வேண்டும் என்று எல்லாம் எழுத வேண்டும். அப்புறமும் உள்ளே விடமாட்டார்கள். டப்பாவை வாங்கி மேசையில் வைத்துவிட்டு, "ஆயாம்மா கொண்டுபோய்க் கொடுப்பார்கள் சார்" என்பார் காவலாளி. எனக்கு அதில் வருத்தமில்லை, நல்ல ஏற்பாடுதான். ஆனால் மாலையில் அதே வாசலுக்கு வெளியே நின்று பாருங்கள். ஓர் ஆட்டோவுக்குள் பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள். டிரைவரின் இரண்டு பக்கமும் ஆளுக்கொரு கம்பியைப் பிடித்துக்கொண்டு சின்னஞ்சிறுசுகள். புத்தகப் பைகள் வெளியே கொக்கியில் தொங்க, சமாதானபுரம் திருப்பத்தில் அந்த வண்டி ஒரு பக்கமாகச் சாயும்போது எனக்கு உயிரே போய் வருகிறது. 2012இல் சென்னையில் பள்ளிப் பேருந்தின் ஓட்டை வழியாக விழுந்து இரண்டாம் வகுப்புச் சிறுமி இறந்த பிறகு பள்ளி வாகனங்களுக்கென்று தனி விதிகள் வந்தன. உதவியாளர் வேண்டும், வேகக் கட்டுப்பாட்டுக் கருவி வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. மஞ்சள் வண்டிக்கு இத்தனை கண்டிப்பு காட்டும் நாம், ஆட்டோவில் அடைத்து அனுப்பும்போது மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

என் அக்கா மகன் முக்கூடல் பக்கம் அரசுப் பள்ளியில் படிக்கிறான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அந்தப் பள்ளியின் பின்பக்கச் சுவர் சரிந்தது. சரிந்த இடத்தை உடைமுள் வெட்டிப் போட்டு அடைத்திருக்கிறார்கள். ஆடுகள் எப்படியோ வழி கண்டுபிடித்து உள்ளே வந்துவிடுகின்றன. இருட்டியதும் குடிகாரர்களும் வந்துவிடுகிறார்கள். காலையில் மணி அடிக்கும் முன் வராந்தாவில் கிடக்கும் பாட்டில் துண்டுகளைப் பொறுக்குவதுதான் முதல் வேலை. இரவுக் காவலர் கிடையாது. இதைப் பார்த்துவிட்டு, பையனை டவுனில் சேர்த்துவிடு என்று அக்காவிடம் சொன்னேன். "அங்கே யார் வீட்டுப் பிள்ளை என்று யாருக்குத் தெரியும் தம்பி? இங்கே இவன் பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடைக்காரர் முதல் எல்லோருக்கும் தெரியும். ஒரு நாள் நேரத்துக்கு வராவிட்டால் நான்கு பேர் வீடு தேடி வந்து கேட்பார்கள்" என்றாள்.

அக்கா சொன்னதில் பாதியை மனதார ஒப்புக்கொள்கிறேன். அந்த நான்கு பேரின் அக்கறையைச் சம்பளம் கொடுத்து எந்த டவுன் பள்ளியும் வாங்க முடியாது. மறுபாதிதான் என்னை உறுத்துகிறது. அந்த நான்கு பேருக்கும் பையனின் பெயர் தெரியும், தெரு தெரியும், தெருவை வைத்துச் சாதியும் தெரியும். கையில் சாதியைக் காட்டும் கயிறு என்ன நிறத்தில் கட்டியிருக்கிறான், பஸ்ஸில் எந்த சீட்டில் யாருக்குப் பக்கத்தில் உட்கார்கிறான் என்பதெல்லாம் இங்கே கண்காணிக்கப்படுகிறது. அதே கயிறு அதே பஸ்ஸில் ஏறி டவுன் பள்ளிக்கும் வருகிறது. வாசலில் அடையாள அட்டையைப் பார்க்கும் காவலாளியின் கண்ணில் அது படுவதில்லை.

நாங்குநேரியை நாம் மறக்கக் கூடாது. 2023 ஆகஸ்ட் 9 இரவு பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஒருவனை அவன் வீட்டுக்குள்ளேயே புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. வெட்டியவர்கள் அவனோடு அதே பள்ளியில் படித்தவர்கள். சாதியின் பேரில் அவர்கள் செய்த தொல்லை தாங்காமல் அவன் பள்ளிக்குப் போவதையே நிறுத்தியிருந்தான். ஏன் வரவில்லை என்று பள்ளியில் கேட்டபோது வாய்திறந்து காரணத்தைச் சொன்னான். அதற்குப் பிறகுதான் அரிவாள் வந்தது. அந்தப் பிள்ளை அடுத்த ஆண்டு பன்னிரண்டாம் வகுப்பில் 469 மதிப்பெண் எடுத்தான் என்ற செய்தியைப் படித்த அன்று எங்கள் வீட்டில் எல்லோரும் அழுதோம். நகரமோ கிராமமோ, புகார் சொன்ன பிள்ளையை அன்றிரவு யார் பாதுகாப்பது என்ற கேள்விக்கு எந்தப் பள்ளியிலாவது பதில் இருக்கிறதா?

நாங்குநேரிச் சம்பவத்துக்குப் பிறகு அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. கயிறு, மோதிரம், நெற்றி அடையாளம் கூடாது, பள்ளிப் பெயர்களில் சாதி கூடாது என்று தொடங்கி, சாதித் தொல்லை போன்ற பிரச்சினைகளைக் கவனிக்கப் பள்ளி நல அலுவலர்களை நியமிக்க வேண்டும் என்பது வரை அதில் பரிந்துரைகள் உண்டு. கயிற்றைப் பற்றித்தான் ஊரெல்லாம் வாக்குவாதம் செய்தார்கள். நல அலுவலரைப் பற்றி யாரும் பேசக் காணோம். எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது.

2025 ஏப்ரலில் பாளையங்கோட்டை தனியார் பள்ளி ஒன்றின் வகுப்பறையிலேயே எட்டாம் வகுப்புப் பையன் சக மாணவனை அரிவாளால் வெட்டினான். தடுக்கப் போன ஆசிரியைக்கும் காயம். ஒரு பென்சிலில் தொடங்கிய பிணக்கு என்று செய்திகள் வந்தன. உடனே எல்லோரும் புத்தகப் பைச் சோதனையைப் பற்றிப் பேசினார்கள். சோதிக்கட்டும், நான் தடுக்கவில்லை. ஆனால் இரண்டு பிள்ளைகள் முகம் கொடுத்துப் பேசாமல் இருப்பதை ஆசிரியர் கவனிக்க அவருக்கு நேரம் வேண்டாமா? ஓராசிரியர், ஈராசிரியர் பள்ளிகளில் பதிவேடும் செயலியுமே அவர்கள் நாளைத் தின்றுவிடுகின்றன. தனியார் பள்ளிகளில் சிலபஸ் துரத்துகிறது.

பிள்ளைகள் தங்கள் குறைகளை எழுதிப் போட அரசுப் பள்ளிகளில் 'மாணவர் மனசு' பெட்டி வைத்தார்கள். நல்ல யோசனை. அக்கா மகனின் பள்ளியில் அது தலைமையாசிரியர் அறை வாசலில் தொங்குகிறது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கும் இடத்தில் எந்தப் பிள்ளை சீட்டு எழுதிப் போடும்? என் மகள் பள்ளியிலும் ஒரு பெட்டி உண்டு. அதற்கு நேர் மேலே கேமரா இருக்கிறது.

அக்கா பள்ளி மேலாண்மைக் குழுவில் உறுப்பினர். அடுத்த கூட்டத்தில் அவள் மூன்று கேள்விகள் கேட்கப்போகிறாள். என் மகளின் பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில் நானும் அவற்றையே கேட்கப்போகிறேன். கழிவறைச் சுவரைக் கடைசியாகச் சோதித்த பொறியாளர் யார், எந்தத் தேதியில்? அந்தப் பெட்டியை யார் திறக்கிறார், வந்த சீட்டுகளுக்கு என்ன செய்தார்கள்? ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையின் மேல் புகார் சொன்னால், சொன்ன பிள்ளை அன்று மாலை யாரோடு வீட்டுக்குப் போகும்? உங்கள் பிள்ளைகளின் பள்ளியிலும் இவற்றைக் கேளுங்கள். என்ன பதில் சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள். குழந்தைகள் உதவி எண்ணான 1098ஐயும் பள்ளிக் கல்வித் துறையின் உதவி எண்ணான 14417ஐயும் இன்றிரவே பிள்ளைகளின் டைரியில் எழுதிக் கொடுங்கள்.