பீர்வா மலை ஏறுவது பற்றிக் கடைசியாக ஒருமுறை

ஞாயிற்றுக்கிழமை இரவு நம் பிரிஸ்பேன் நடைக் குழுவில் நடந்ததை எல்லோரும் பார்த்திருப்பீர்கள் என்பதால் அந்தப் படத்தை இங்கே மீண்டும் போடப் போவதில்லை. பீர்வா உச்சியில் இரண்டு கைகளையும் விரித்து நின்ற நண்பரின் படத்துக்குக் கீழே, ‘இந்த மலையில் ஏற வேண்டாம் என்று இந்த மண்ணின் மக்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்’ என்று ஒரே ஒரு வரிதான் எழுதினேன். அதற்கு வந்த பதில்களில் பாதி, கண்ணீர் வரச் சிரிக்கும் பொம்மைகள். ‘அண்ணா, கல்லுக்கு வலிக்குமா?’ என்று கேட்ட தம்பிக்கு அங்கே நான் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

பீர்வாவும் சேர்ந்த இந்த மலைக்கூட்டத்துக்குக் கிளாஸ் ஹவுஸ் மலைகள் என்பது 1770இல் கப்பலில் கடந்து போன ஜேம்ஸ் குக், தன் யார்க்‌ஷயரின் கண்ணாடி உலைகளைப் போலிருக்கின்றன என்று வைத்துவிட்டுப் போன பெயர். சுமார் இரண்டரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் எரிமலைகளின் தொண்டைக்குள் இறுகிய குழம்பு, சுற்றியிருந்த மென்பாறை கரைந்த பிறகு தனித்து நிற்கிறது என்பது நிலவியல். இந்த மண்ணின் பூர்வகுடிகளான ஜினிபாரா, கபி கபி மக்களுக்கு அது ஒரு குடும்பம். தந்தை டிப்ரோகார்கன், தாய் பீர்வா, நிறைமாதக் கர்ப்பிணி. கடல் பொங்கி வருவதைக் கண்ட தந்தை, அம்மாவைப் பார்த்துக்கொள் என்று மூத்த மகன் கூனோரினிடம் சொல்ல, அவன் பயந்து ஓடிவிட்டான். தந்தை அடித்த அடியில் கழுத்துத் திரும்பிய அந்த மகன் இன்றும் கோணலாகத்தான் நிற்கிறான். தந்தை அவனுக்கு முதுகைக் காட்டியபடி கடலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தக் கர்ப்பிணித் தாயின் மேல் ஏற வேண்டாம் என்கிறார்கள். தம்பி, கல்லுக்கு வலிக்காது. கேட்டவர்களுக்கு வலிக்கும்.

‘சட்டம் தடுக்கவில்லையே’ என்று பலரும் எழுதியிருந்தீர்கள். உண்மைதான், ஒப்புக்கொள்கிறேன். கூனோரினை 1999இலேயே மூடிவிட்டார்கள். பீர்வாவை அப்படி மூடவில்லை. தேசியப் பூங்கா நிர்வாகம், ஏற வேண்டாம் என்ற வேண்டுகோளை எடுத்துச் சொல்வதோடு நிறுத்திக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவின் நடுவே இருக்கும் உலுருப் பாறையில் ஏறுவதற்கு 2019 அக்டோபரில் தடை வந்ததே, அதற்கு முன்பு எத்தனையோ ஆண்டுகளாக அங்கேயும் இதே வேண்டுகோள்தான் இருந்தது. தடை வந்தால்தான் காதில் விழும் என்றால் அது வேறு விஷயம். வேண்டாம் என்கிறார்கள், விட்டுவிடலாம். இதற்கு எதற்கு வழக்கறிஞர்?

‘வெள்ளைக்காரர்களும்தானே ஏறுகிறார்கள்’ என்பவர்களுக்கு என்னிடம் பதில் இல்லை. நான் வெள்ளைக்காரனுக்குக் கூஜா தூக்குவதாக எழுதியவருக்கு மட்டும் ஒரு வார்த்தை: வேண்டாம் என்று கேட்பவர்கள் வெள்ளைக்காரர்கள் இல்லை, ஐயா.

கொஞ்சம் யோசிக்க வைத்தது, ‘வெள்ளியங்கிரி ஏறுகிறோம், பர்வதமலை ஏறுகிறோம், அங்கெல்லாம் சாமி இல்லையா?’ என்ற கேள்வி. இருக்கிறது. அங்கே, அந்த மலையைக் கும்பிடுகிறவர்களே வா என்று கூப்பிடுகிறார்கள். இங்கே, இந்த மலையைத் தாயென்று சொல்கிறவர்கள் வராதே என்கிறார்கள். ஒவ்வொரு மலைக்கும் அந்தந்த மலைக்காரர்கள் சொல்வதுதான் வழக்கம். திருவண்ணாமலையில் 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றி வந்துவிட்டு நிறைவோடு ஊர் திரும்புகிற நமக்கு, ஒரு மலையை ஏறாமலும் பார்க்கலாம் என்று வேறு யாராவது வந்து கற்றுத்தர வேண்டுமா?

நான் யோக்கியன் என்று சொல்ல வரவில்லை. பல ஆண்டுகளுக்கு முன் நானும் பீர்வாவில் ஏறியிருக்கிறேன். இதைத் தோண்டி எடுத்துப் போட்ட அன்பருக்கு நன்றி. என் பழைய படங்களை இவ்வளவு அக்கறையோடு யாரும் பார்த்ததில்லை. தொடக்கத்திலேயே கையூன்றி ஏற வேண்டிய செங்குத்தான வழுக்குப் பாறை. இறங்கும்போது தூறல் பிடித்துக்கொள்ள, பின்புறத்தால் தேய்த்துத் தேய்த்து இறங்கியதில் கால்சட்டை கிழிந்தது. உச்சியில் பார்த்த காட்சி ஒன்றுகூட நினைவில் இல்லை; பாறையில் என் விரல்கள் பிடித்திருந்த வெடிப்பும் அதில் ஓடிய எறும்பும்தான் நினைவிருக்கின்றன. இரண்டு ஆண்டுகள் கழித்து, மலேனி பக்கத்தில் மேரி கேர்ன்கிராஸ் காட்டுக்கு எதிரே மலைகள் எல்லாம் வரிசையாகத் தெரியும் இடத்தில், அங்கே வந்திருந்த ஒரு மூதாட்டி என் மகளுக்கு இந்தக் கதையைச் சொன்னார். திரும்பும் வழியில் காரின் பின்னிருக்கையிலிருந்து, ‘அப்பா, நீங்க அந்த அம்மா மேலயா ஏறினீங்க?’ என்று கேட்டாள். நான் பாட்டின் ஒலியைக் கூட்டினேன். தெரியாமல் ஏறியது அது, தெரிந்தபின் ஏறவில்லை. இந்த வித்தியாசம்கூடப் புரியாதது போல் எழுதினீர்களே, அதுதான் வருத்தம்.

ஏறாவிட்டால் அங்கே வேறு என்ன இருக்கிறது என்கிறீர்கள். டிப்ரோகார்கனின் அடிவாரத்தைச் சுற்றி ஒரு பாதை போகிறது. நிதானமாக நடந்தால் இரண்டு மணி நேரம். நம் ஊர்ச் சவுக்குக்கு உறவான மரங்களில் கருங்காக்கட்டூ என்ற பெரிய கருங்கிளிகள் உட்கார்ந்திருக்கும். தின்னும்போது அவை அதிகம் கத்தாது. சவுக்குக் காயை ஒரு காலில் பிடித்துக்கொண்டு அலகால் உடைக்கும் ‘கரக் கரக்’ சத்தம் கேட்கும்; பிறகு தோள்மேல் தூள் விழும்; அப்போதுதான் அண்ணாந்து பார்ப்போம். மேரி கேர்ன்கிராஸில் 55 ஹெக்டேர் மழைக்காடு இருக்கிறது. முயலைவிடக் கொஞ்சம் பெரிய கங்காருக்கள் பாதையோரம் சருகைக் கிளறிக்கொண்டிருக்கும். மலேனி ஊரை ஒட்டி ஓடும் ஓபி ஓபி ஓடையில் விடியற்காலையில் சத்தமில்லாமல் நின்றால் வாத்தலகு கொண்ட பிளாட்டிபஸ் தென்படும். சத்தமில்லாமல் என்பதுதான் நமக்குச் சிரமம். கொண்டலில்லா அருவிக்குப் போனபோது நம் குழு ஒலிபெருக்கி கொண்டுபோனதை நான் மறக்கவில்லை. மான்ட்வில்லில் கார் நிறுத்த இடம் தேடி அரை மணி நேரம், கெனில்வொர்த்தில் ஒரு கிலோ டோனட்டோடு படம், உச்சியில் கை விரித்து ஒரு படம். ஹின்டர்லாந்து, அதாவது கடற்கரைக்கு உள்ளே இருக்கும் இந்த மலைப்பகுதி, முடிந்தது என்று எழுதிவிடுகிறோம்.

எனக்கும் இந்த ஊரில் நெருங்கிய உறவென்று யாரும் இல்லை. சனிக்கிழமை நடைக்கு வந்த உங்களைத்தான் அண்ணன், தம்பி என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரே ஒரு வரிக்காக என்னைக் குழுவின் ‘கலாச்சாரக் காவலர்’ ஆக்கி, அதற்கொரு ஒட்டுப்படமும் தயாரித்துச் சிரித்த நான்கு பேரில் மூவர் என் வீட்டில் சாப்பிட்டவர்கள்.

படத்தை நீக்கச் சொல்லவில்லை, மன்னிப்புக் கேளுங்கள் என்றும் சொல்லவில்லை. கெனில்வொர்த் போவதற்காக ஈஸ்டரில் வாங்கிப்போன என் கூடாரம் மட்டும் இன்னும் நண்பரிடம்தான் இருக்கிறது. திருப்பித் தரும்போது கம்புகளை ஒருமுறை எண்ணிப் பார்த்துக்கொள்ளவும். போன தடவை ஒன்று குறைந்தது, நான் சொல்லவில்லை.