கட்டம் தெரிஞ்சா ஃப்ராடா?

ஆராய்ச்சிக் கட்டுரைல இருக்க படத்த போட்டோஷாப்ல தூக்கிப் போட்டு கான்ட்ராஸ்ட்ட ஏத்துங்க, வெஸ்டர்ன் ப்ளாட் (புரதம் இருக்கானு பாக்குற டெஸ்ட்) படத்துல வர்ற கருப்புக் கோட்ட, அதாவது பேண்டை சுத்தி சதுரமா கட்டம் தெரிஞ்சா அது வெட்டி ஒட்டுனது, ஃப்ராடு கன்ஃபார்ம்னு ஒரு மெசேஜ் சுத்திட்டு இருக்கு. தப்புங்க.

ஜேபெக் (JPEG) ஃபைல் முறை படத்த 8க்கு 8 பிக்சல் கட்டமா பிரிச்சுத்தான் சுருக்குது, அதனால கருப்பான பேண்ட் இருக்க கட்டத்துல மட்டும் புள்ளி புள்ளியா இரைச்சல் தங்கிடும், பக்கத்துல வெறும் பேக்ரவுண்ட் வழிச்சு விட்ட மாதிரி ஆயிடும், கான்ட்ராஸ்ட் ஏத்துனதும் பேண்டை சுத்தி பெட்டி போட்ட மாதிரி தெரியும். யாரும் எதையும் ஒட்டல.

அதுக்காக போட்டோஷாப் வேஸ்ட்னு சொல்லல. ஜர்னல் ஆஃப் செல் பயாலஜிங்கற ஆராய்ச்சி இதழ்ல 2002லயே, ஏத்துக்கிட்ட கட்டுரைப் படங்கள இப்படி வெளிச்சம், கான்ட்ராஸ்ட் மாத்திப் பாக்க ஆரம்பிச்சிட்டாங்க. ஆனா அங்க சந்தேகம் வந்தா அடுத்த வேலை ஒரிஜினல் ஃபைல கேக்குறது, உடனே தீர்ப்பு எழுதுறது இல்ல. அதோட படம் முழுசுக்கும் ஒரே மாதிரி பிரைட்னஸ் ஏத்துறது பொதுவா தப்பே கிடையாது, டேட்டா மறையாத வரைக்கும்.

உண்மைல உறுத்த வேண்டியது வேற: பேக்ரவுண்ட் புள்ளிகள் கூட அச்சு அசலா ரெண்டு இடத்துல வர்றது. நுண்ணுயிரியல் ஆராய்ச்சியாளர் எலிசபெத் பிக் டீம் 2016ல 20,621 கட்டுரைகள பாத்து 3.8 சதவீதத்துல சிக்கலான படம் இருக்குனு சொன்னாங்களே, அதுல பெரும்பாலும் தேடுனது இந்த மாதிரி டூப்ளிகேட்தான், அதுவும் முதல்ல கண்ணால பாத்து. அவங்களே அது எல்லாம் மோசடினு சொல்லல, குறைஞ்சது பாதில வேணும்னே மாத்துன அறிகுறி இருக்கு, மத்தது கவனக்குறைவாவும் இருக்கலாம்னுதான் சொன்னாங்க.