ட்ரூ வந்தது சரி, காரணம் வேறு

தம்பி, "ஜாவா நிரல்மொழியில் இரண்டு ஸ்ட்ரிங்கை (எழுத்துத் தொடரை) ஒப்பிட == போதும், ஈக்வல்ஸ் எல்லாம் பழைய பழக்கம்; ஓட்டிப் பார்த்தேன், ட்ரூ வந்தது" என்று எழுதியிருக்கிறீர்கள். ட்ரூ வந்திருக்கும், சந்தேகமில்லை. ஆனால் உங்கள் சோதனையில் இரண்டு பக்கமும் "பாம்பன்" என்று நிரலுக்குள்ளேயே எழுதிவைத்திருக்கிறீர்கள். அப்படி எழுதிய ஒரே சொல்லை ஜாவா ஸ்ட்ரிங் பூல் என்ற பொதுச் சேமிப்பில் ஒரு தடவைதான் வைக்கும். இரண்டு மாறிகளும் அந்த ஒரே பொருளைக் காட்டுகின்றன; == பார்ப்பது அதை மட்டும்தான், எழுத்துகளை அல்ல; எழுத்துகளை ஒப்பிடுவது ஈக்வல்ஸ்தான். அதே "பாம்பன்" ஸ்கேனர் வழியாக, அதாவது நிரல் ஓடும்போது தட்டச்சு செய்து, உள்ளே வரட்டும், == ஃபால்ஸ் என்று சொல்லிவிடும்.

மண்டபத்தில் படகுக் கணக்குக்கு ஒரு சின்ன நிரல் எழுதியபோது நானும் இதில் மாட்டியவன்தான். ஈக்வல்ஸ் போட்டதும் எல்லா ஊரும் சரியாகிவிட்டது, தொண்டியைத் தவிர. திரையில் இரண்டு தொண்டிக்கும் துளி வித்தியாசம் தெரியவில்லை. லெங்த் (எத்தனை குறியீடுகள் என்ற நீளம்) கேட்டால் ஒன்று 6, இன்னொன்று 7! ஒன்றில் 'தொ'வின் ஒற்றைக்கொம்பும் காலும் சேர்ந்து ஒரே குறியீடு. மற்றதில் தனித்தனியாக இரண்டு. வெவ்வேறு விசைப்பலகையில் அடித்த வினை. இரண்டையும் ஜாவாவின் நார்மலைசரில் என்எஃப்சி (NFC, பிரிந்த குறியீடுகளைச் சேர்த்து எழுதும்) வடிவத்துக்கு மாற்றியபிறகுதான் பொருந்தியது. இதற்கு ஈக்வல்ஸைக் குறை சொல்ல முடியாது.

அப்புறம், மாறி null ஆக, அதாவது எந்தப் பொருளையும் காட்டாமல், இருக்க வாய்ப்பிருந்தால் "பாம்பன்" என்பதை முன்னால் வைத்து அதன்மேல் ஈக்வல்ஸைக் கூப்பிடுங்கள், நிரல் நடுவழியில் விழாது.