காவல்காரர் முழித்திருக்கிறாரா?

அனுமதி வாங்கிக்கொண்டு, திருடன் போல கம்பெனி நெட்வொர்க்குகளைத் தட்டிப் பார்ப்பது என் வேலை. இப்படிச் சோதிக்கக் கூப்பிடும் கம்பெனிகள் பல, முதலில் எங்கள் ஐபி முகவரியைக் கேட்டு வாங்கி, ஃபயர்வால் என்ற தடுப்புச் சுவர் எங்களை மறிக்காதபடி அதன் விலக்குப் பட்டியலில் போட்டுவிடும். தேதியும் நேரமும் எல்லோருக்கும் மெயிலில் போய்விடும். சர்வரில் என்ன ஓட்டை என்று பார்க்க அது போதும். காவல்காரர் (ஊடுருவலைக் கண்டு எச்சரிக்கும் கருவியும், அதைக் கவனிக்கும் ஆளும்) முழித்திருக்கிறாரா என்பது அதில் தெரியாது. மேலே ஓரிருவருக்குத் தெரிந்தால் போதும், மானிட்டர் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியவே கூடாது என்பது என் கட்சி.

நிஜத் திருடனுக்கு அவசரமே கிடையாது. கணினியின் போர்ட்டுகளை, அதாவது வாசல்களை, தட்டிப் பார்க்கும் மென்பொருள் என்மேப் (Nmap). அதில் டி-ஜீரோ (T0) என்றொரு வேகம் உண்டு. ஒரு போர்ட்டைத் தட்டிவிட்டு ஐந்து நிமிடம் சும்மா இருக்கும். ஆயிரம் போர்ட்டைத் தட்டி முடிக்க மூன்றரை நாள். 'நிமிடத்துக்கு நூறு தட்டல் வந்தால் மணியடி' என்று விதி எழுதிய கருவி இதைக் கண்டுகொள்ளாது.

அனுப்பும் தகவலைத் துண்டு போடுவது இன்னொரு வித்தை. 'திருடன்' என்ற சொல்லைத் தேடும் கருவியிடம் 'திரு' தனியாகவும் 'டன்' தனியாகவும் போனால்? ஒன்று மரியாதை, இன்னொன்று எடை! இன்றைய கருவிகள் சேர்த்துத்தான் படிக்கும், சரி. ஆனால் ஒரே இடத்துக்கு இரண்டு துண்டு வந்தால் எதை எடுப்பது? கருவி முதலில் வந்ததையும், சர்வர் பின்னால் வந்ததையும் எடுத்தால் இருவரும் படிப்பது வேறு வேறு கடிதம். டாசெக் (Ptacek), நியூஷம் (Newsham) என்ற பாதுகாப்பு ஆய்வாளர்கள் 1998-லேயே இதை எழுதிவிட்டார்கள்.

(கையெழுத்திட்ட அனுமதிக் கடிதம் இல்லாமல் யாரும் முயன்று பார்க்க வேண்டாம். தகவல் தொழில்நுட்பச் சட்டம் 66-ஆம் பிரிவு, 3 ஆண்டு வரை உள்ளே.)

2013-இல் அமெரிக்காவின் டார்கெட் கடைகளில் 4 கோடி கார்டு விவரங்கள் களவு போனபோது கருவி ஒழுங்காகத்தான் எச்சரித்தது. அதைப் பார்த்தவர்கள், மேற்கொண்டு தோண்ட வேண்டியதில்லை என்று விட்டுவிட்டார்கள்.

ஒரு இடத்தில் மூன்று நாள் மெதுவாகத் தட்டினேன். ஒருவரும் கூப்பிடவில்லை. நாலாம் நாள் மத்தியானம் வேண்டுமென்றே முழு வேகத்தில் இரைச்சல் போட்டேன். நாற்பது நிமிடம் கழித்து ஃபோன் வந்தது, அதுவும் அக்கவுன்ட்ஸ் பிரிவிலிருந்து. "சார், நெட் ரொம்ப ஸ்லோவா இருக்கு, நீங்க ஏதாவது பண்றீங்களா?"

அதை ரிப்போர்ட்டின் முதல் பக்கத்தில் எழுதினேன். எடுத்துவிட முடியுமா என்று கேட்டார்கள். எடுக்கவில்லை. அடுத்த வருடம் கூப்பிடவும் இல்லை.