அந்த அம்மாவின் காணொளியை நீக்குங்கள்

பேருந்து நிலையத்து அம்மாவின் காணொளியை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். தனியாக நின்ற ஒரு வயதான அம்மாவைப் படம் எடுத்து, மகன் கைவிட்டுவிட்டதாகச் சொல்லிப் பரப்பிய நாற்பது விநாடிக் காணொளி. எனக்கே இரண்டு குடும்பக் குழுக்களிலும் பள்ளித் தோழிகள் குழுவிலும் வந்தது. அது எப்படி முடிந்தது என்பதும் உங்களுக்குத் தெரியும். அந்த அம்மாவுக்கு டிமென்ஷியா என்னும் மறதி நோய். மகன் முந்தைய நாள் இரவே காவல் நிலையத்தில் புகார் கொடுத்துவிட்டு விடிய விடியத் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்; காணொளியைப் பார்த்துத்தான் அம்மாவைக் கண்டுபிடித்தார். இத்தனையும் தெரிந்த பிறகும், "பெற்ற தாயை நடுத்தெருவில் விட்ட மகன்" என்ற அதே தலைப்போடு அந்தக் காணொளி இன்று காலை வரை அப்படியே இருக்கிறது. அதன் கீழே "மருமகள் வேலையாகத்தான் இருக்கும்" என்று எழுதியவர்களில் நான்கு பேர் என் நட்புப் பட்டியலில் இருக்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

படம் எடுப்பவர் "உங்களை யாரும்மா இங்க விட்டுட்டுப் போனது?" என்று மூன்று முறை கேட்கிறார். கேள்விக்குள்ளேயே பதிலை வைத்துவிட்டுக் கேட்கிறார். அந்த அம்மா ஒருமுறைகூட யாரோ விட்டுவிட்டுப் போனதாகச் சொல்லவில்லை. "வீட்டுக்குப் போகணும்" என்று மட்டும் சொல்லிக்கொண்டு, முந்தானை நுனியில் போட்டிருந்த முடிச்சை அவிழ்ப்பதும் மறுபடி முடிவதுமாக இருக்கிறார். உட்காருங்கள் என்று சொல்லவோ, தண்ணீர் வேண்டுமா என்று கேட்கவோ அங்கே ஒருவருக்கும் தோன்றவில்லை. தன்னைப் படம் எடுக்கிறார்கள் என்பதையே உணர முடியாத ஒருவரின் முகத்தை ஊர் முழுக்கக் காட்டுவதற்கு யார் சம்மதம் கொடுத்தார்கள்? நினைவு போய்விட்டவருக்கு மானம் போய்விடவில்லை.

என் அம்மாவும் "வீட்டுக்குப் போகணும்" என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அப்பா தஞ்சாவூரில் கட்டிய வீட்டில், முப்பத்தைந்து வருடம் தான் சமைத்த அடுக்களையில் நின்றுகொண்டே அப்படிச் சொல்வார். அவர் கேட்ட வீடு அய்யம்பேட்டைக்குப் பக்கத்தில் அவர் பிறந்த வீடு. அது இடிந்து பல வருடமாகிறது. பொழுது சாயும் நேரத்தில் குழப்பமும் பதற்றமும் கூடுவது இந்த நோயில் வழக்கம் என்று மருத்துவர் பிறகு சொன்னார். அதற்கு முன் இரண்டு வருடம் "வயசானா அப்படித்தான்" என்று நாங்களே இருந்துவிட்டோம். தைராய்டு, பி12 குறைபாடு போன்ற சரிசெய்யக்கூடிய காரணங்களாலும் மறதி வரலாம் என்பதும், அவற்றை இரத்தப் பரிசோதனையிலேயே கண்டுபிடித்துவிடலாம் என்பதும் எங்களுக்குத் தெரிந்திருக்கவில்லை. எல்லாம் பார்த்து, மூளையையும் ஸ்கேன் எடுத்த பிறகுதான், டிமென்ஷியாவில் பரவலான வகையான அல்சைமர் என்றார்கள்.

2019-இல் ஒரு மாலை, அண்ணி மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த ஐந்து நிமிடத்தில் அம்மா வெளியே போய்விட்டார். ஒன்றரை மணி நேரம் கழித்துப் பழைய பேருந்து நிலையத்தில் பூ விற்கும் ஒரு பெண்மணியிடமிருந்து அழைப்பு வந்தது. நாங்கள் ஓடிப்போய்ப் பார்த்தபோது அம்மா அவருடைய சாக்கின் மேல் உட்கார்ந்து வாழைநாரில் கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தார். "பஸ்ஸுக்கு நேரமிருக்கு பெரியம்மா, செத்த இதைக் கட்டிக் குடுங்க" என்று சொல்லி உட்கார வைத்திருக்கிறார் அந்தப் பெண்மணி. பெற்ற மகனின் பெயரை மறந்துவிட்டிருந்த அம்மாவின் விரல்களுக்குப் பூக்கட்டு மறக்கவில்லை. டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுத்தபடியே, வளையலோடு சேர்த்து நாங்கள் கட்டியிருந்த தகட்டில் இருந்த எண்ணைப் பார்த்து அழைத்திருக்கிறார். டிமென்ஷியா என்ற சொல்லை அவர் கேள்விப்பட்டிருப்பாரா என்று தெரியாது. அவரிடமும் செல்பேசி இருந்தது. அதை எங்களை அழைப்பதற்குப் பயன்படுத்தினார்.

"அந்தக் காணொளி வந்ததால்தானே மகன் கண்டுபிடித்தார்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான். முகம் தெரியும் ஒரு படத்தைக் காவல்துறைக்கு அனுப்பியிருக்கலாம், 112-ஐ அழைத்திருக்கலாம், முதியோருக்கென்றே இருக்கும் 14567 எண்ணில் கேட்டிருக்கலாம். பொதுவில் போட்டே ஆகவேண்டுமென்றால் "இவரைத் தெரிந்தவர்கள் தொடர்புகொள்ளுங்கள்" என்ற ஒரு வரி போதுமே. மகனைக் குற்றவாளியாக்கும் தலைப்பால் அந்த அம்மாவுக்கு என்ன உதவி கிடைத்தது?

"பெற்றோரை உண்மையிலேயே கைவிடுபவர்கள் இல்லையா?" இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் 2007-இல் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தது. விசாரித்துத் தீர்ப்புச் சொல்லக் கோட்டாட்சியர் இருக்கிறார். நாற்பது விநாடியில் அந்த வேலையை நாம் செய்ய வேண்டியதில்லை.

"பூட்டி வைத்திருக்கலாமே, இப்படி வெளியே விடலாமா?" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்கு மட்டும் நான் நின்று பதில் சொல்ல வேண்டும். ஐயா, நாங்கள் பூட்டினோம். பேருந்து நிலையச் சம்பவத்துக்குப் பிறகு கிராதிக் கதவுக்குப் பூட்டுப் போட்டோம். தினமும் மாலை ஐந்தரைக்கு அம்மா அந்தக் கம்பிகளைப் பிடித்து உலுக்கிக்கொண்டு "யாராவது தொறந்து விடுங்களேன்" என்று தெருவைப் பார்த்து அழுவார். அந்த இரும்புச் சத்தத்தோடு நாங்கள் வருடக்கணக்கில் வாழ்ந்தோம். அப்போது இதே ஊர், பெற்ற தாயைச் சிறை வைத்திருக்கிறார்கள் என்று பேசியது. திறந்துவிட்டால் தெருவில் விட்டான் என்கிறீர்கள், பூட்டினால் சிறை வைத்தான் என்கிறீர்கள். இல்லத்தில் சேர்த்தால் என்ன சொல்வீர்கள் என்றும் எனக்குத் தெரியும். சேர்க்கவும் முயன்றோம். மூன்று இல்லங்களில், எழுந்து நடமாடும் மறதி நோயாளிகளை எடுப்பதில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இது நாலு குடும்பத்துப் பிரச்சினை இல்லை. இந்தியாவில் அறுபது வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேர், ஏறத்தாழ 88 லட்சம் பேர், டிமென்ஷியாவோடு வாழ்வதாக 2023-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் மனநோயை வரையறுக்கும்போதே நினைவாற்றல் பாதிப்பையும் சேர்த்திருக்கிறது; சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமையையும் சொல்கிறது. மனநல நிலையத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தை அவர் சம்மதம் இல்லாமல் ஊடகத்துக்குக் கொடுக்கக் கூடாது என்றும் அதில் இருக்கிறது. மருத்துவமனைக் கட்டிலில் இருந்தால் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு பேருந்து நிலையத் திண்ணையில் நிற்பவருக்கு வேண்டாமா? சுயநினைவோடு இருக்கும்போதே, பின்னாளில் எனக்கு எப்படிச் சிகிச்சை தர வேண்டும், என் சார்பில் யார் முடிவெடுக்க வேண்டும் என்று எழுதி வைக்கவும் அதே சட்டம் வழிசெய்கிறது. எங்களுக்கு அது தெரிந்தபோது அம்மாவால் கையெழுத்தே போட முடியவில்லை.

குடும்ப ஓய்வூதியத்துக்காக ஆயுள் சான்று கொடுக்க அவரை ஆட்டோவில் வங்கிக்கு அழைத்துப் போனோம். பெயர் என்ன என்று கேட்டதற்குத் தன் அம்மாவின் பெயரைச் சொன்னார். "சொந்தப் பேரே தெரியாதவங்கள எதுக்குக் கூட்டிட்டு வரீங்க?" என்று வரிசையே திரும்பிப் பார்க்கும்படி சத்தம் போட்டார் அந்த அலுவலர். கூட்டிவரச் சொன்னதும் அவர்கள்தான். மாற்றுத்திறனாளிச் சான்று வாங்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். 2016-இன் சட்டம் அடுக்கும் 21 வகைகளில் டிமென்ஷியா என்ற பெயரே இல்லை. கேரளத்தில் அரசே இதற்கென்று ஸ்மிருதிபதம் என்ற திட்டத்தில் பகல்நேர மையம் வைத்திருக்கிறது. நம் மாநிலத்தில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் ஒரு பெண் வீட்டுக்கே வந்து அம்மாவுக்கு இரத்த அழுத்தம் பார்த்து மாத்திரை கொடுத்துவிட்டுப் போனார், அன்பாகத்தான் நடந்துகொண்டார். "மறதி இருக்கா, ராத்திரி தூங்குறாங்களா, உங்களுக்குத் தூக்கம் உண்டா?" என்ற மூன்று கேள்விகளையும் அவருடைய நோட்டில் சேர்த்திருந்தால், அன்றைக்கு என் அண்ணியிடம் யாராவது ஒருவர் கேட்டதாக இருந்திருக்கும். பகலில் நான்கு மணி நேரம் அம்மாவைப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் பக்கத்தில் இருந்திருந்தால் அந்தக் கதவுக்குப் பூட்டே தேவைப்பட்டிருக்காது.

அண்ணியைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க மாட்டேன். நோய் தொடங்கிய காலத்தில் அம்மாவின் தோடு ஒன்று காணாமல் போனது. "இவதான் எடுத்துட்டா" என்று அம்மா தெருவில் நின்று சொன்னார். தெரு நம்பியது. வைத்த இடத்தை மறந்து திருட்டுப் பழி போடுவதும் இந்நோயின் அறிகுறி என்று அப்போது எங்களில் யாருக்கும் தெரியாது. ஏழு மாதம் கழித்து, கடுகு டப்பாவைக் கழுவக் கவிழ்த்தபோது தோடு கிடைத்தது. கண்டெடுத்தவரும் அண்ணிதான். 2023-இல் அம்மா இறக்கும் வரை ஊட்டியதும் குளிப்பாட்டியதும் துணி மாற்றியதும் அவர்தான்.

நேற்று இரவு அந்தக் காணொளியின் கீழே இருந்தவற்றை அண்ணி படித்திருக்கிறார். என்னை அழைத்து, "அன்னைக்கு பஸ் ஸ்டாண்டுல யாராச்சும் படம் புடிச்சிருந்தா என்னையும் இப்படித்தான எழுதியிருப்பாங்க?" என்று கேட்டார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. தோடு காணாமல் போன அந்த வாரம் ஊருக்குப் போயிருந்தபோது, அடுக்களையில் அவர் தனியாக இருந்த நேரம் பார்த்து, "நிஜமாவே நீங்க பாக்கலையா அண்ணி?" என்று கேட்டவள் நான். அவர் அதை மறந்திருக்க மாட்டார்.